ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் எந்தப் படகில் ஏறலாம்: வெறும் சுற்றா, சாப்பாட்டுப் படகா, சீஸும் ஒயினுமா?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குக் காலையில் நடக்க வரும் அண்ணாச்சி ஒருவர், வருகிற செப்டம்பரில் மதினியோடு மகனைப் பார்க்க ஹாலந்து போகிறார். "தம்பி, படகுலயே நாலஞ்சு விதம் இருக்காம்லா, எதுக்கு டிக்கெட் போடட்டும்னு பையன் கேக்கான். நீங்க போய்ட்டு வந்த ஆளு, சொல்லுங்க" என்றார். நடந்துகொண்டே பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அந்த ஊரில் இருக்கும் வீடுகள் இப்போது எங்கள் தெருவில் மட்டும் மூன்று, கிளம்பும்போது எல்லோரும் கேட்பது இதே கேள்வி.

என் மகள் ஐந்தோவனில் இருக்கிறாள். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு ஜூனிலும் அடுத்த வருஷம் செப்டம்பரிலும் நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். ஜூனில் ஒரு மணி நேர வெறும் சுற்று. செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் சாப்பாட்டுப் படகு, சீஸ்-ஒயின் படகு இரண்டும். இது போக, கடையில் உட்கார்ந்து சீஸ் ருசி பார்ப்பதையும் தனியாகச் செய்து பார்த்தோம். என் ஓட்டு சீஸ்-ஒயின் படகுக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாதை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹேரன்கிராக்ட், கெய்ஸர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து போகும் மூன்று பெரிய கால்வாய்கள், 1613-ல் வெட்டத் தொடங்கியவை, 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. நம்ம பாளையங்கால்வாயும் கன்னடியன் கால்வாயும் தாமிரபரணித் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோக வெட்டியவை. இவர்கள் வெட்டியது சதுப்பு நிலத்தில் ஊரைப் பெருக்கவும் சரக்குப் படகை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தவும். அதனால்தான் பழைய வீடுகள் பலவற்றின் உச்சியில் ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டு அதில் கொக்கி தொங்குகிறது. மூட்டைகளைக் கயிறு கட்டி அதில்தான் மேலே இழுத்திருக்கிறார்கள், இன்றைக்கும் வீடு மாறினால் சோபாவையும் பீரோவையும் அதில் இழுப்பதுண்டு. இதெல்லாம் எந்தப் படகில் ஏறினாலும் கண்ணில் படும்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வெறும் சுற்றுதான் மலிவு, சீஸ்-ஒயின் படகுக்கு எங்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஆனது, சாப்பாட்டுப் படகு அதையும் தாண்டியது. கட்டுப்படியாகுமா என்பது அவரவர் கணக்கு.

என்னைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: படகில் போகும்போது கண் எங்கே இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹேரன்கிராக்ட் கால்வாயில் ஒரு முக்கு வருகிறது. ரெகுலீர்ஸ்கிராக்ட் என்ற சின்னக் கால்வாய் அங்கே பிரிகிறது. படகு அந்த முக்கில் வரும்போது திரும்பிப் பார்த்தால் ஏழு பாலங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, வளைவுக்குள் வளைவாகத் தெரியும். கோயில் பிராகாரத்தின் ஒரு முனையில் நின்றுகொண்டு மறுமுனை வரைக்கும் தூண்களைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி ஒரு ஆழம். இருட்டியபின் ஒவ்வொரு வளைவுக்கும் வரிசையாகப் பல்பு எரிகிறது, தண்ணீரில் மீதி வட்டம் விழுந்து முழு வளையமாகிவிடுகிறது. படகு அங்கே நிற்பது அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ. மூன்று படகிலும் அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

ஜூனில் வெறும் சுற்றில் போனபோது நல்ல வெயில். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகு, எங்களுக்குக் கிடைத்தது நடு வரிசை. காதில் மாட்டிய கருவி விடாமல் பேசிக்கொண்டே வந்தது. இந்த வீடு இன்னார் வீடு, அந்தக் கோபுரம் இத்தனை மீட்டர் என்று. "ஏழு பாலம்" என்று அது சொன்ன நேரத்தில் ஓரத்தில் இருந்தவர்கள் எல்லாம் போனைத் தூக்கிவிட்டார்கள், எங்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய போன் திரையில் தெரிந்த பாலம்தான். அது படகுக்காரர்களின் தப்பு கிடையாது, பகல் நேரக் கூட்டம் அப்படி.

சாப்பாட்டுப் படகில் மகளுடைய கல்யாண நாளுக்காகப் போனோம். மேஜை, துணி விரிப்பு, மெழுகுவர்த்தி, எல்லாம் அழகுதான், சாப்பாடும் நன்றாகவே இருந்தது. ஆனால் தட்டு வந்துவிட்டால் தலை குனிந்துவிடுகிறது. கத்தியும் முள்கரண்டியும் பிடித்து ஒன்றை வெட்டித் தின்னும்போது ஜன்னலைப் பார்க்க முடியாது, பார்த்தால் மடியில் சிந்தும். அந்த ஏழு பாலம் வந்தபோது சரியாக மெயின் தட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் "மாமா, அங்க பாருங்க" என்று சொல்லி நான் நிமிர்வதற்குள் படகு திரும்பிவிட்டது. இரண்டரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் நான் தட்டையும் எதிரே இருந்த முகங்களையும்தான் பார்த்திருக்கிறேன். கல்யாண நாளுக்கு அது நல்லதுதான், ஊர் பார்க்க வந்தவருக்கு ஆகாது. ஆலப்புழை படகுவீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும், காயல் முழுக்க நமக்காகக் காத்துக்கிடக்க நாம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்போம்.

சீஸ் அப்படி இல்லை. விரல் பருமனில் நறுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அதோடு தட்டின் வேலை முடிந்தது, கண் ஜன்னலுக்குப் போய்விடலாம். மெதுவாகக் கரையும் பண்டம், அவசரமாகத் தின்னவும் முடியாது. சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் வாசலுக்கு எதிரே சின்ன இலைத்துண்டில் சூடாக அல்வா வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்று தின்போமே, அது கைக்கும் வாய்க்கும் நடப்பது, கண்ணுக்கு அதில் வேலையே கிடையாது, அதனால்தான் ரத வீதி முழுக்கக் கண்ணில் நிற்கிறது. இந்தப் படகிலும் அதே கதைதான். மூன்றாவது தடவை அந்த முக்கு வந்தபோது மணி எட்டு ஆகியிருக்கும், செப்டம்பர் நடுவில் அங்கே எட்டு மணியை ஒட்டித்தான் சூரியன் இறங்குகிறது, வானத்தில் கொஞ்சம் நீலம் பாக்கி, பல்பெல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டது. என் கையில் பழைய சீஸ் துண்டு ஒன்று. வாயில் போட்டுக்கொண்டு பார்த்தேன், ஒன்று, இரண்டு என்று ஏழையும் எண்ணி முடித்தேன். வீட்டுக்காரி ஒன்றுமே பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொன்று, சத்தம். 2025 முதல் நகர மையத்தில் சுற்றுலாப் படகுகள் புகை விடக்கூடாது என்று விதி இருப்பதால் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன, எஞ்சின் இரைச்சல் இல்லை. வேகமும் மணிக்கு 6 கிலோமீட்டர் வரைதான், நாம் விறுவிறுவென்று நடக்கும் வேகம். கிளாஸில் ஒயின் தளும்பக்கூட இல்லை.

இனி அந்தத் தட்டைப் பற்றி. எங்களுக்கு நாலு வகை வைத்தார்கள்: இளசான கவுடா, சீரகம் போட்ட லைடன் சீஸ், ஆட்டுப்பால் சீஸ் ஒன்று, கடைசியில் பழைய கவுடா. தொட்டுக்கொள்ளக் கடுகு அரைத்த விழுது. கவுடா என்பது ஊர்ப் பெயர், அவர்கள் வாயில் அது "ஹௌடா" மாதிரி தொண்டையிலிருந்து வருகிறது. பரிமாறிய பெண் ஒவ்வொன்றையும் வைக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விலகிவிட்டாள். பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ சீஸ் கிடைக்குமாம். பால் திரிந்து கட்டியானபின் மோர்த்தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள், பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பங்கு அதோடு போய்விடுவதால் புளிப்பு ஏறாமல் ஒரு இனிப்பு நிற்கிறது. இளசு என்பது நாலு வாரம் வைத்தது, வெண்ணெய் மாதிரி வழுவழு. பழசு என்பது பத்துப் பன்னிரண்டு மாதம். அதைக் கடிக்கும்போது நடுவில் நறுக் நறுக்கென்று ஏதோ அரைபடும். நான் உப்பு என்று நினைத்தேன். அது டைரோசின் என்னும் அமினோ அமிலம், சீஸ் முதிர முதிரப் படிகமாக உறைவது. ருசி ஏறக்குறைய நம்ம பால்கோவாவை அடியில் பிடிக்கவிட்டுச் சுரண்டினால் வரும் வாசனை, அதோடு நல்ல உப்பு.

சீரகம் போட்டதை வீட்டுக்காரி வாயில் வைத்ததும் "ஏங்க, இது நம்ம சீரகம்!" என்றாள். ஐரோப்பாவில் ஒரு மாதமாகச் சாப்பிட்டதில் அவள் முகம் அப்படி மலர்ந்தது அன்றுதான்.

ஒயின் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, மகள் வீட்டில் ஊற்றினால் குடிப்பேன், அவ்வளவுதான். அதனால் எந்தத் திராட்சை, எந்த வருஷம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் ஏன் ஜோடி என்பது நாக்குக்குத் தெரிந்துவிட்டது. சீஸின் கொழுப்பு நாக்கில் படலமாக ஒட்டிக்கொள்கிறது, வெள்ளை ஒயினின் புளிப்பு அதைக் கழுவிவிடுகிறது, அடுத்த துண்டு மறுபடியும் முதல் துண்டு மாதிரி ருசிக்கிறது. சிவப்பில் ஒரு துவர்ப்பு இருக்கிறது, தனியாகக் குடித்தால் வாயை இழுக்கும், பழைய சீஸைத் தின்றுவிட்டுக் குடித்தால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. நம்ம ஊர் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் இஞ்சிப் பச்சடி ஏன் வைக்கிறார்கள்? தேங்காய்ப்பால் திகட்டாமல் இருக்கத்தானே. அதே கணக்கு. ஒயின் வேண்டாதவர்களுக்குப் பழச்சாறு தருகிறார்கள், வீட்டுக்காரி ஆப்பிள் ஜூஸ்தான் குடித்தாள், அதிலும் புளிப்பு இருப்பதால் நன்றாகவே பொருந்தியது என்றாள்.

சரி, கடையில் உட்கார்ந்து ருசி பார்ப்பது? ஒரு விஷயத்தில் அது படகை ஜெயிக்கிறது, அது சைவக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். பாலைத் திரிக்கப் போடும் ரென்னெட் பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. நம் ஊர்க் கடையில் வாங்கும் சீஸ் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறது, அங்கே அந்தப் புள்ளி இல்லை. லேபிளில் "ஸ்ட்ரெம்சல்" என்று மட்டும் போட்டிருந்தால் விலங்கு ரென்னெட்டாக இருக்கலாம், "வெகெடாரிஸ்" என்றோ "மைக்ரோபியல்" என்றோ முன்னால் சேர்த்துப் போட்டிருந்தால் பயமில்லை. கடையில் லேபிளைத் திருப்பிப் பார்க்கலாம், கடைக்காரரிடம் கேட்கலாம். படகில் தட்டு நறுக்கியே வருகிறது. என் வீட்டுக்காரி சுத்த சைவம், அதனால் மகள் டிக்கெட் போடும்போதே மெயில் எழுதிக் கேட்டாள். அவளுக்குத் தனித் தட்டு வந்தது, அதில் நாலுக்கு மூன்று வகை, பழைய கவுடா கிடையாது. அதை மறுநாள் ஒரு கடையில் லேபிள் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். மதினியும் சைவம் என்பதால் அண்ணாச்சியிடம் இதைத்தான் இரண்டு தடவை சொன்னேன்: மெயில் போடாமல் ஏறாதீர்கள்.

மற்றபடி கடை என்பது கடைதான். ஆற அமரச் சொல்லித்தருகிறார்கள், விலையும் குறைவு, பிடித்ததை அங்கேயே வாங்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் நேரம் இருந்தால் அல்க்மார் ஊரின் சீஸ் சந்தையையும் பார்க்கலாம், செப்டம்பர் வரைக்கும் நடக்கிறது, வெள்ளை உடுப்புக்காரர்கள் தொட்டில் மாதிரி ஒரு மரச்சட்டத்தில் சக்கரம் போன்ற சீஸ் கட்டிகளை அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் அந்த ஏழு பாலம் அங்கே வராதே.

இன்னும் சில. ஜூன், ஜூலையில் போகிறவர்கள் சாயங்காலப் படகு என்று நம்பி ஆறு மணிக்கு ஏறினால் பட்டப்பகலாக இருக்கும், ஜூனில் அங்கே சூரியன் மறைய ராத்திரி பத்து ஆகிறது, கிடைப்பதிலேயே கடைசிப் படகைப் பிடியுங்கள். குளிர்காலத்தில் நான் போனதில்லை, அப்போது திறந்த படகு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியாது. திறந்த சின்னப் படகில் கழிப்பறை இருக்காது, கண்ணாடிக் கூரைப் பெரிய படகுகளில் இருக்கும். சீஸ்-ஒயின் சுற்று ஒன்றரை மணி நேரம், சர்க்கரை உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். நாங்கள் போனது இருபது பேர் உட்காரும் நடுத்தரப் படகு, மழை வந்தால் மூடலாம், அந்த அளவுதான் சரி என்று படுகிறது. சீக்கிரமே போய் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிடுங்கள்.

அண்ணாச்சி பையன் ஏழு மணிப் படகுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டானாம், மெயிலும் போயிருக்கிறது. இன்று காலை மைதானத்தில் மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தச் சீரகம் போட்டத ஊருக்கு வாங்கிட்டு வந்தா கெட்டுப் போகாம இருக்குமா?" முழுக் கட்டியாக, வெட்டாமல், மெழுகோடு வாங்கினால் தாங்கும். நாங்கள் கொண்டுவந்தது ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் இருந்தது.