பழைய கார்டன் டிராக்டரின் பின்பக்கம்: எட்டு வருடம், இரண்டு ஹிட்ச்

பழைய கார்டன் டிராக்டர் (வீட்டுத் தோட்டத்துக்கான சின்ன டிராக்டர்) வாங்கப் போகிறவர்கள் நேராக எஞ்சினிடம்தான் போவார்கள். புகை எப்படி, எண்ணெய் ஒழுகுகிறதா, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறதா. நானும் அப்படித்தான் வாங்கினேன், பின்பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கலப்பையை மாட்டலாம் என்று போனபோதுதான் அங்கே ஒரு இரும்புத் தகடும் அதன் நடுவில் ஒரு ஓட்டையும் தவிர வேறொன்றும் இல்லை என்பது தெரிந்தது. வண்டி 12 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், கியர் வண்டி, வார்ப்பிரும்பு அச்சு. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற தொந்தரவுகளில் பாதிக்கு நானேதான் காரணம்.

ஹிட்ச் என்றால் கருவியை டிராக்டரின் பின்னால் மாட்டுகிற இணைப்பு. முதல் மூன்று வருடம் ஸ்லீவ் ஹிட்ச். அடுத்த இரண்டு வருடம் ஆசைப்பட்டு த்ரீ பாயின்ட், அதாவது கருவியை மூன்று புள்ளிகளில் பிடிக்கிற இணைப்பு. அதன் பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டு வேலைக்குத் தகுந்தபடி மாற்றி மாற்றி மாட்டுகிறேன்.

ஸ்லீவ் ஹிட்ச் தெரியாதவர்களுக்கு: டிராக்டரின் அச்சுக்குப் பின்னால் ஏறி இறங்குகிற ஒரு சட்டம், அதன் நுனியில் செங்குத்தாக ஒரு குழல், கருவியின் முன்பக்கம் அந்தக் குழலைக் கவ்விக்கொள்ளும், மேலிருந்து ஒரே ஒரு பின் (இரும்பு முளை). அவ்வளவுதான். கலப்பை, பிளேடு (மண்ணைச் சமப்படுத்தும் தகடு), கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை எல்லாம் அந்த ஒரு பின்னில்தான் தொங்கும். அமெரிக்காவின் கென்டக்கியில் 1839இல் தொடங்கிய பிரின்லி கம்பெனியின் கருவிகள் பல கம்பெனி வண்டிகளுக்குப் பின்னாலும் ஓடியதால் நுனி ஏறக்குறைய பொதுவானதாகிவிட்டது. ஆனால் வண்டியோடு போல்ட்டில் மாட்டுகிற பக்கம் அப்படி இல்லை. 1961இல் வந்த கப் கேடட் வண்டிக்கு ஒரு மாதிரி, 1963இல் வந்த ஜான் டீர் 110க்கு வேறு மாதிரி, வீல் ஹார்ஸுக்கு இன்னொரு மாதிரி. பழைய ஹிட்ச் ஒன்று கிடைக்கிறதே என்று அளவெடுக்காமல் வாங்கினால் அது மூலையில்தான் கிடக்கும். நான் வாங்கிய முதல் ஹிட்ச் இன்னும் மூலையில்தான் கிடக்கிறது.

இன்னொன்று. புல் வெட்டுவதற்கென்றே செய்த, தகட்டுச் சட்டமும் இலகுவான கியர்பெட்டியும் உள்ள வண்டியில் இதையெல்லாம் மாட்டாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சீட்டுக்குக் கீழே படுத்துப் பாருங்கள், அச்சுப் பெட்டி வார்ப்பிரும்பா, ஹிட்ச் போல்ட்டுகள் அதிலேயே நேராக ஏறுகின்றனவா என்று. வெறும் தகட்டில் ஏறினால் உழவு வேண்டாம், தள்ளுவண்டி இழுத்தால் போதும்.

சரி, உழவு. 10 அங்குல இறக்கைக் கலப்பை, மண்ணைப் புரட்டிப் போடுகிற வளைந்த தகடு உள்ளது. முதல் நாள் மாட்டி, இறக்கி, கிளட்ச்சை விட்டேன், வண்டி நின்ற இடத்திலேயே டயரை மட்டும் சுற்றிக்கொண்டு குழி பறித்தது. எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், 60 சதுர அங்குல மண். நடுத்தர மண்ணில் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு இழுவை என்று வைத்தால் மொத்தம் 360 பவுண்டு, அதாவது சுமார் 163 கிலோ. மணிக்கு 2 மைல் வேகத்தில் அதை இழுக்க 2 குதிரைத்திறன்கூடத் தேவையில்லை! எஞ்சினில் 12 இருக்கிறது. கியரிலும் பெல்ட்டிலும் போவது போகட்டும், அப்போதும் மிச்சம்தான்.

இல்லாதது எடை. வண்டியும் நானும் சேர்ந்து 420 கிலோ, அதில் பின்சக்கரங்களில் விழுவது சுமார் 270. மண்ணில் ரப்பர் டயரின் பிடிமானம் விழும் எடையில் ஏறக்குறைய பாதி என்று வைத்தால் 135 கிலோதான் இழுக்க முடியும். தேவை 163. சக்கரம் சுற்றாமல் என்ன செய்யும்? பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 22 கிலோ வார்ப்பிரும்பு எடை, டயருக்குள் சுமார் 20 லிட்டர் திரவம் என்று சேர்த்த பிறகு பின்பக்கம் 354 கிலோ, பிடிமானம் 177. அன்றைக்கே கலப்பை மண்ணில் இறங்கி நடந்தது. டயருக்குள் ஊற்ற கால்சியம் குளோரைடு கரைசலை நிறைய பேர் சொல்வார்கள், வெறும் தண்ணீரைவிடக் கனமானது, உறையாது என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் வால்வு ஓரத்தில் கொஞ்சம் கசிந்தாலே ரிம்மைத் தின்றுவிடும். கண்ணாடி கழுவும் திரவம் ஊற்றியிருக்கிறேன், எடை குறைவுதான், ரிம் பிழைத்தது.

டயர் அகலத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உழும்போது வலப்பக்கச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓடும். சால் 10 அங்குலம்தான். 8.50 அங்குல டயர் அதற்குள் அடங்கும். பார்க்க கம்பீரமாக இருக்கிறதென்று 10.50 டயர் போட்டால் அது புரட்டிய மண்ணின் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு போகும். அகல டயர் புல்வெளிக்கு நல்லது, உழவுக்கு ஒடுங்கின டயர்தான்.

வலது சக்கரம் சாலுக்குள் இறங்கியதும் வண்டி சாயும், எடையும் அந்தப் பக்கம் போய்விடும், மேட்டில் நிற்கிற இடது சக்கரம் வெட்டியாகச் சுற்றும். இதற்கு இடது சக்கரத்தில் செயின் போட்டேன், உதவியது. சாய்வையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்: இடது சக்கரங்கள் இரண்டையும் உழும் ஆழத்துக்குச் சமமான கனமுள்ள பலகை மேல் ஏற்றி நிறுத்தி, அந்தச் சாய்விலேயே கலப்பையைத் தரையில் இறக்கி, கலப்பை நேராக நிமிர்ந்து நிற்கும்படி முறுக்கி வைக்க வேண்டும். கொழுவின் நுனி மட்டும் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கட்டும், அதுதான் கலப்பையை மண்ணுக்குள் இழுக்கும். நான் இரண்டு பருவம் சமதளத்தில் வைத்து லெவல் பார்த்துவிட்டு ஏன் சால் கோணலாக வருகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஸ்லீவ் ஹிட்ச்சில் இருபக்கமும் ஒவ்வொரு போல்ட் இருக்கும், கருவி பக்கவாட்டில் எவ்வளவு ஆடலாம் என்பதற்கு. கலப்பைக்குக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், வண்டி லேசாக வளைந்தாலும் கலப்பை தன் வழியிலேயே போகும். பிளேடுக்கு இறுக்கிவிடுங்கள்.

பிளேடு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஹிட்ச்சில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அங்கேதான். மண் பாதையைச் சமப்படுத்தினால் அலை அலையாக வந்தது, துணி துவைக்கிற கல் மாதிரி. வேகத்தைக் குறைத்தேன், பிளேடு மேல் கல் ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பின்னைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. வெறும் 1 மில்லிமீட்டர் லூஸ்தான். ஆனால் குழலின் உயரம் 100 மில்லிமீட்டர், பிளேடின் விளிம்பு அதிலிருந்து 900 மில்லிமீட்டர் பின்னால். இங்கே ஒன்று என்றால் அங்கே ஒன்பது. 9 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிற பிளேடு சமதளத்தை எங்கே கொடுக்கும்? ஓட்டை ஏன் தேய்ந்தது என்றால், ஒரிஜினல் பின் தொலைந்துபோய் நான் முழுநீள மரை உள்ள ஒரு போல்ட்டைச் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். மரை என்பது அரம் மாதிரிதான், அசைகிற ஒவ்வொரு முறையும் இரும்பைச் சுரண்டும். ஓட்டையைப் பெரிதாக்கி உருண்டையாக்கி, புஷ் (உள்ளே செருகும் உலோக வளையம்) அடித்து, வழவழப்பான உறுதியான பின் போட்டேன். அலை பெரும்பாலும் போய்விட்டது. பழைய ஹிட்ச் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், ஓட்டைகளைப் பாருங்கள்.

அப்புறம் த்ரீ பாயின்ட். ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்து உலகம் முழுக்கப் பரவியது எல்லோருக்கும் தெரியும். கார்டன் டிராக்டருக்கு வருவது அதன் குட்டி, கேட்டகரி 0. பின்கள் 5/8 அங்குலம், கீழ் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 20 அங்குலம். பெரிய டிராக்டரின் கேட்டகரி 1இல் கீழ்ப் பின் 7/8, மேல் பின் 3/4, இடைவெளி 28 அங்குலம் வரை போகும். அதனால் பெரிய வண்டியின் கருவியை அடாப்டர் போட்டு மாட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு யாரும் இதை வாங்க வேண்டாம். பின்னை மாற்றிவிடலாம், கருவியின் எடையை என்ன செய்வீர்கள்? தூக்கினால் முன்சக்கரம் தூக்கும்.

ஃபெர்குசன் ஏற்பாட்டின் உயிரே மண் இறுகினால் ஹைட்ராலிக் தானாகக் கருவியைக் கொஞ்சம் தூக்கிக்கொடுப்பதுதான். எனக்குக் கிடைத்த கேட்டகரி 0இல் அது கிடையாது. மூன்று புள்ளி இருக்கிறது, அறிவு இல்லை. ஆனாலும் பிளேடுக்கும் பெட்டிப் பிளேடுக்கும் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. மேல் புள்ளியைப் பிடிக்கிற கம்பியான டாப் லிங்க்கைச் சுருக்கினால் முன்பக்கம் கீழே கடிக்கும், நீட்டினால் பின்பக்கம் தேய்த்துப் பரப்பும், உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி நாலு சுற்று. பக்கவாட்டுச் சாய்வுக்கு ஒரு பக்கத் தூக்குக் கம்பியின் திருகு. வாய்க்கால் ஓரம் சாய்வாக வெட்டுவது பத்து நிமிட வேலையாகிவிட்டது. கலப்பைக்கு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கிற செயினை இறுக்கினால் கலப்பை வண்டியைத் தள்ளுகிறது, தளர்த்தினால் தூக்கும்போது டயரில் உரசுகிறது. தவிர, ஸ்லீவ் கருவியை இதில் மாட்ட நான் செய்த அடாப்டர் கருவியை 15 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவிட்டது, முன்பக்கம் இலேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உழவுக்கு அதைக் கழற்றி ஸ்லீவையே மறுபடி மாட்டினேன்.

தூக்குவதைப் பற்றி. கை நெம்புகோல் போதும் என்று இளைஞர்கள் சொல்லலாம். ஒரு மதியம் முழுக்கச் சாலுக்கு இரண்டு முறை தூக்கி இறக்கிவிட்டு மறுநாள் தோளைப் பற்றி எழுதுங்கள். நான் 12 வோல்ட் மின் ஆக்சுவேட்டர் (மோட்டாரில் நீண்டு சுருங்குகிற கம்பி) வைத்தேன். மெதுவாகத்தான் ஏறும், அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் ஆக்சுவேட்டர் விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும், கருவி மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி தானாக ஏறி இறங்காது, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கொழு மண்ணைவிட்டு வெளியே வந்துவிடும். இணைப்புக் கம்பியில் ஓட்டையை நீளமான காடியாக வெட்டிவிட்டேன், இறக்கிய பிறகு கருவி அந்தக் காடிக்குள் சுதந்திரமாக ஆடும். சிலர் கம்பிக்குப் பதில் சிறு சங்கிலி போடுகிறார்கள், அதுவும் அதே வேலைதான்.

ரோட்டவேட்டரை நான் அதிகம் ஓட்டவில்லை. பெல்ட்டில் ஓடுகிற மாதிரி ஒன்று இருந்தது, பற்கள் முன்னோக்கிச் சுழல்வதால் வண்டியைத் தள்ளும், கியர் வண்டியின் முதல் கியரும் அதற்கு வேகமாகத்தான் பட்டது. இந்த ஒரு வேலைக்கு ஹைட்ரோ வண்டி, அதாவது கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற வண்டி மேல். கேஸ் (Case) கம்பெனி வண்டிகளில் ஹைட்ராலிக் மோட்டாரிலேயே ரோட்டவேட்டர் சுற்றும், பெல்ட் தொல்லையே இல்லை, பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். சட்டிக் கலப்பைக்கு மேலே எடை வைக்காவிட்டால் மண்ணைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மரக்கட்டையின் வேரை இழுக்க, கீழ்த் தகட்டு ஓட்டை மண்ணில் அழுக்காக இருக்கிறதே என்று த்ரீ பாயின்ட்டின் மேல் புள்ளியில் சங்கிலியைக் கட்டினேன். அது அச்சின் உயரத்துக்கு மேலே இருக்கிறது. கிளட்ச்சை விட்டதும் வேர் அசையவில்லை, வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. கால் தானாகக் கிளட்ச்சை மிதித்ததால் கீழே விழுந்தது, இல்லையென்றால் என் மேல் விழுந்திருக்கும். எதை இழுத்தாலும் அச்சுக்குக் கீழே உள்ள தகட்டில்தான் கட்ட வேண்டும், அங்கே கட்டினால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி மல்லாக்காது.

இப்போது பின்னால் தொங்குவது பிளேடு, த்ரீ பாயின்ட்டோடு. கலப்பையைக் கழற்றி, மண் ஒட்டியதையெல்லாம் சுரண்டி, இறக்கையிலும் கொழுவிலும் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். போன தடவை அதை மறந்துவிட்டேன், துருவேறிய இறக்கையில் மண் வழுக்காமல் அப்பிக்கொண்டு, புரள வேண்டிய மண் அப்படியே நெட்டுக்குத்தாக நின்றது. உப்புத்தாளும் வாளித் தண்ணீருமாக அரை நாள் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.