விமானி வேலைக்கு இடைத்தரகரிடம் போகாதீர்கள்: 14 லட்சத்து 80 ஆயிரம் போன கதை

நேற்று மாலை சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் அந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடிக்கு மறுபடி ஏறினேன். கதவில் புதுப் பூட்டு. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "இந்த வாரத்தில் நீங்கள் ஆறாவது ஆள் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

14 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கடை வைக்கப் போட்ட முதல் இல்லை, சூதாடித் தோற்ற காசும் இல்லை. புதுக்கோட்டையில் 34 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர் சாலையில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்ற பணம். அவர் என் அப்பா.

நான் வணிக விமானி உரிமம் வாங்கியவன். 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளை எழுதி, முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் பெற்றாயிற்று. அதற்கான வங்கிக் கடன் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. உரிமம் இருந்தால் உடனே வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். எந்த விமானத்தை ஓட்டப்போகிறோமோ அந்த ரகத்துக்கென்று தனியாக டைப் ரேட்டிங் என்ற தகுதி வேண்டும். அதற்குச் சிமுலேட்டரில், அதாவது நிஜ விமானம் போலவே இயங்கும் பயிற்சி இயந்திரத்தில், உட்கார வேண்டும், அதற்குப் பல லட்சம் வேண்டும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ரேட்டிங்கைத் தேர்ந்தெடுக்கும்போதே வேலை தரும் நிறுவனத்தையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஏர்பஸ் ஏ320-க்குப் பணம் கட்டியவனுக்கு, போயிங் 737 மேக்ஸ் மட்டுமே வைத்திருக்கும் ஆகாசா விமான நிறுவனத்தில் அந்தத் தாளால் பயனில்லை. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் பணிமூப்பு வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும், கேப்டன் நாற்காலி அவ்வளவுக்குத் தள்ளிப்போகும். அதனால்தான் குறைந்த கட்டண நிறுவனங்களில் எதில் சேர்ந்தால் இருபது ஆண்டு நிலைத்து இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டு அலைந்தேன். அந்தக் கேள்விதான் என்னை அந்த இரண்டாம் மாடியில் கொண்டுபோய் விட்டது.

அது விமானத் துறை வேலை ஆலோசனை நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அலுவலகம். பெயரை எழுத மாட்டேன், வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சுவரெங்கும் சீருடை போட்ட பையன்களின் படங்கள். மேசையில் ஒரு சின்ன விமான பொம்மை. நடத்துபவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, மென்மையான பேச்சு. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஆசிரியரா? நீங்கள் உட்காருங்கள் ஐயா, அப்புறம் நான் உட்காருகிறேன்" என்றார். அப்பா அங்கேயே பாதி விழுந்துவிட்டார்.

நான் விழுந்தது வேறு இடத்தில். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதினார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"2003-இல் ஏர் டெக்கானில் சேர்ந்த பையன் என்ன நினைத்திருப்பான்? நாட்டிலேயே முதல் குறைந்த கட்டண நிறுவனம், வாழ்க்கை செட்டில் என்று நினைத்திருப்பான். 2007-இல் அது கிங்ஃபிஷர் கைக்குப் போனது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே தரையிறங்கிவிட்டது" என்றார். கோ ஃபர்ஸ்டைச் சொன்னார். 2023 மே 2-ஆம் தேதி திவால் மனு, மறுநாளிலிருந்து ஒரு விமானமும் பறக்கவில்லை. என்ஜின் தயாரித்த நிறுவனத்தின் மேல் அவர்கள் குற்றம் சொன்னார்கள், கடைசியில் 2025 ஜனவரியில் கலைக்கச் சொல்லி உத்தரவே வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் 80 விமானிகளை மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியதைச் சொன்னார். மறு ஆண்டே ஆகாசாவிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலத்தை) முடிக்காமல் போய்விட்டார்கள் என்று அந்த நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனதையும் சொன்னார்.

"சம்பளத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, ஆர்டரைப் பாருங்கள். விமானம் வந்தால்தான் கேப்டன் நாற்காலி வரும். 2023 ஜூனில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 ஏர்பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போட்டதே, அது பயணிகளுக்கான செய்தி இல்லை, உங்களுக்கான செய்தி." ஆனால் அங்கேயும் ஏ.டி.ஆர். என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானத்தில் போட்டுவிட்டால் ஏர்பஸ்ஸுக்கு மாறக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். 2024 அக்டோபரில் பழைய ஏர்ஏசியா இந்தியாவோடு இணைப்பு முடிந்த பிறகு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ஸில் போயிங், ஏர்பஸ் இரண்டும் இருக்கின்றன, அதனால் எந்த ரேட்டிங் வைத்திருந்தாலும் அங்கே ஒரு கதவு உண்டு என்றார். 2017-இல் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. போட்ட நோட்டீஸ் விதியையும் விட்டுவைக்கவில்லை: துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். "ஆகவே தவறான இடத்தில் கால் வைத்துவிட்டால், காலை எடுக்கவே ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்."

சொல்லுங்கள், இப்படிப் பேசுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அடுத்து அந்த நான்கு கட்டங்களில் ஒன்றைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். "இதில் உங்களைச் சேர்த்துவிட்டால் எனக்கு நல்ல கமிஷன் கிடைக்கும். ஆனால் வேண்டாம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை" என்றார். அப்பா பையைத் திறந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார். "இன்றைக்குப் பணம் வாங்க மாட்டேன் ஐயா. ஊருக்குப் போய் அம்மாவிடம் பேசுங்கள். மனசுக்குச் சரியென்று பட்டால் மட்டும் வாருங்கள்."

அந்தத் தடுத்த கைக்குத்தான் 14 லட்சத்து 80 ஆயிரம்.

இது நடந்தது ஜனவரியில். அதற்கு முந்தைய மாதம், 2025 டிசம்பரில், இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி ஊரே விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்ததே, நினைவிருக்கும். புது விதிப்படி விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்திருந்தது, வாரத்துக்கு ஆறு இரவுத் தரையிறக்கம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்திருந்தார்கள். அதே பணி அட்டவணைக்குக் கூடுதல் விமானிகள் தேவைப்பட்டார்கள். இதை வைத்துத்தான் தூண்டிலைப் போட்டார். "இனி எல்லா நிறுவனங்களும் ஆள் எடுத்தே தீர வேண்டும். கையில் ரேட்டிங் இருப்பவனுக்குத்தான் முதல் அழைப்பு. ஏ320 ரேட்டிங், கூடவே நியமன உறுதி. என்னிடம் நான்கு இடம்தான் பாக்கி."

அவர் சொன்ன ஒரே பொய் அந்த 'நியமன உறுதி'. ஒரு மணி நேர உண்மைக்கு நடுவில் இரண்டே சொல்லாக அதை வைத்துவிட்டார்.

பதிவுக்கு 2 லட்சம் கட்டினோம். பத்து நாள் கழித்து 7 லட்சம். பிப்ரவரி கடைசியில் 'சிமுலேட்டர் நேரம் ஒதுக்கிவிட்டார்கள், இன்றே கட்ட வேண்டும்' என்று காலை ஏழு மணிக்கு அழைத்து மீதி 5 லட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 14 லட்சத்து 80 ஆயிரம். மறுநாள் மின்னஞ்சலில் ஒரு பிரபல நிறுவனத்தின் சின்னத்தோடு 'நிபந்தனைக்குட்பட்ட நியமனக் கடிதம்' வந்தது. அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்கள் பெயரைத் திருடியிருக்கிறார்கள், ஆகவே அதையும் எழுத மாட்டேன். அம்மா அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

மார்ச்சில் சிமுலேட்டர் பழுது என்றார்கள். ஏப்ரலில், பயிற்சி தரப்போவதாகச் சொன்ன வெளிநாட்டு மையத்தில் தணிக்கை நடக்கிறதாம். அவரை அழைத்தால் வரவேற்பறைப் பெண் எடுத்து, "ஐயா டெல்லியில் இருக்கிறார், டி.ஜி.சி.ஏ. வேலையாகப் போயிருக்கிறார்" என்பார். டெல்லியில் இருப்பவரின் குரல் பின்னணியில் கேட்கும், "பிறகு பேசச் சொல்" என்று. மே மாதம் நேரில் போனேன். காபி வந்தது, அவர் வரவில்லை. மூன்று மணி நேரம் அந்த விமான பொம்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் மூக்குச் சக்கரம் உடைந்து பசையால் ஒட்டப்பட்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

கடைசியாகத் தொலைபேசியில் பிடித்துக் கொஞ்சம் குரல் உயர்த்திக் கேட்டேன். அவர் குரல் உயரவேயில்லை. "இவ்வளவு பதற்றப்படுகிறவர் காக்பிட்டில் எப்படி உட்காருவீர்கள் தம்பி? இதுவும் ஒரு தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்." போனை வைத்த பிறகு பத்து நிமிடம் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சொல்வது சரிதானோ என்று நினைத்தேன். ஏமாந்தவனை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் பாருங்கள்.

அப்பாதான் அந்த வெளிநாட்டு மையத்துக்கு நேரடியாக எழுதச் சொன்னார். இரண்டே நாளில் பதில் வந்தது: என் பெயரில் முன்பதிவு எதுவும் இல்லை, அந்த ஆலோசனை நிறுவனத்தோடு அவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை. விமான நிறுவனத்துக்கும் எழுதினேன். தாங்கள் இடைத்தரகர் மூலம் ஆள் எடுப்பதில்லை, வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று நான்கு வரியில் பதில்.

அன்று இரவு சாமி படத்துக்குக் கீழேயிருந்த கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஐம்பது தடவை படித்த கடிதம். பணி: துணை விமானி. விமானம்: ஏர்பஸ் ஏ320-800. அப்படி ஒரு விமானமே உலகத்தில் கிடையாது. 737-800 என்று போயிங் பெயருக்குப் பின்னால் வரும் எண் அது. விமானி உரிமம் வைத்திருக்கும் நான், ஐம்பது தடவை, அதைப் பார்க்கவில்லை. 'சென்னை' என்ற சொல்லையும் சம்பளத் தொகையையும் மட்டும் பார்த்திருக்கிறேன். அனுப்பிய முகவரியும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய மின்னஞ்சல்தான்.

காவல் நிலையத்தில் ரசீதைக் கேட்டார்கள். மூன்று ரசீதிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்று இருக்கிறது. பயிற்சி என்ற சொல் எங்கும் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது'. உதவி ஆய்வாளர் படித்துவிட்டு, "இது கொடுக்கல் வாங்கல் தகராறு மாதிரி அல்லவா இருக்கிறது" என்றார். போலி நியமனக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆணையர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பினார்கள்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது தெம்பில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். வேலை அறிவிப்பை விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் எதுவும் இல்லாமல் நியமனக் கடிதம் வந்தால் அது கடிதமே இல்லை. ரேட்டிங்குக்குக் கட்டுவதானால் டி.ஜி.சி.ஏ. அனுமதி பெற்ற மையமா என்று பார்த்து, அந்த மையத்தின் வங்கிக் கணக்குக்கே கட்டுங்கள், நடுவில் ஒரு கையும் வேண்டாம். ரசீதில் எதற்கான பணம் என்று எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தது தெரிந்த அன்றே இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள். நான் நான்கு மாதம் கழித்து அழைத்தேன், அதற்குள் அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. "இன்று பணம் வேண்டாம்" என்று சொல்கிறவரிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள்.

எந்த நிறுவனம் நல்லது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த ஆள் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்ல வேண்டியிருக்கும். விமான ஆர்டரையும் சம்பளம் தேதிக்கு வருகிறதா என்பதையும் பாருங்கள். 14 லட்சத்து 80 ஆயிரம் கொடுத்து வாங்கிய ஆலோசனை, நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி) அடுத்த மாதம் காலாவதியாகிறது. புதுப்பிக்கப் பணம் வேண்டும், அதை அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. நாளை காலை பத்து மணிக்கு மறுபடி ஆணையர் அலுவலகம். ரசீது, ஒப்பந்தம், கடிதம் எல்லாவற்றுக்கும் மும்மூன்று நகல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஜெராக்ஸ் கடையில்தான் எடுத்தேன். அவர் காசு வாங்கவில்லை.