மரக்கூழை நானோ நாராக்க: ஹோமோஜெனைசரா, மைக்ரோஃபுளூயிடைசரா?

மரக்கூழிலிருந்து நானோ நார், அதாவது நானோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள மிக மெல்லிய இழை, எடுக்கும் வேலை பால் பதப்படுத்தும் இயந்திரத்தில்தான் தொடங்கியது. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் ஐடிடி ரேயானியர் ஆய்வகத்தில் டர்பக் குழுவினர், நீரில் கலந்த கூழை அந்தப் பால் இயந்திரமான ஹோமோஜெனைசரில் சுமார் 55 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். கெட்டியான ஜெல் கிடைத்தது. இரண்டு சதவீதம்தான் நார், மீதி தண்ணீர். ஆனாலும் தயிர் போல நிற்கும்.

ஹோமோஜெனைசரில் கூழ் வால்வின் மெல்லிய இடுக்கில் பீறிட்டுப் போகும்போது நார் பிரிகிறது. இடுக்கு அடைத்துக்கொண்டால் அழுத்தத்தைக் குறைத்து வால்வைத் திறந்துவிடலாம். நீளமான நார்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மைக்ரோஃபுளூயிடைசரில் கூழ் போகும் பாதையில் அசையும் வால்வே கிடையாது. 'இசட்' அல்லது 'ஒய்' வடிவ நுண்குழாய்கள்தான். அழுத்தம் 200 மெகாபாஸ்கலைத் தொடும். பாதை மாறாததால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி அடி விழுகிறது, நாரின் தடிமனும் சீராக வருகிறது. ஆனால் மரநார் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், குழாயோ 100, 200 மைக்ரோமீட்டர் அகலம். அடைத்தால் குழாய்கள் இருக்கும் அறையைக் கழற்றித் திருப்பி மாட்டி, எதிர்த்திசையில் தண்ணீர் விட வேண்டும்.

மின்சாரத்தை இரண்டுமே விழுங்கும். அதனால் முதலில் நொதியோ டெம்போ (TEMPO என்ற வினையூக்கி) ஆக்சிஜனேற்றமோ கொடுத்து நாரை இளக்குவது நல்லது. அப்புறம் என் தேர்வு: இளக்காத கூழுக்கு ஹோமோஜெனைசர், இளக்கியதை மிக மெல்லிய, சீரான நாராக்க மைக்ரோஃபுளூயிடைசர்.