எல் பிராக்கெட் வாங்குகிறீர்களா? பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

ட்ரைபொட்டில் கெமராவை நிறுத்திப் படம் எடுக்கும் மலையக நண்பர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எல் பிராக்கெட் என்பது கெமராவின் அடியையும் ஒரு பக்கத்தையும் ஒட்டி நிற்கும் எல் வடிவத் தகடு; அதை வைத்துத்தான் கெமராவை ட்ரைபொட்டில் மாட்டுகிறோம். கொழும்பிலிருந்து கூரியரில் பொருள் அனுப்பும் ஒரு கடை, வேறொரு மொடலுக்குச் செய்த எல் பிராக்கெட்டை என் கெமராவுக்கென்றே செய்தது என்று சொல்லி 9,500 ரூபாவுக்கு என் தலையில் கட்டிவிட்டது. போனது பணம் மட்டும் என்றால் நான்கு பேரிடம் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். டெவன் நீர்வீழ்ச்சி பார்வையிடத்தில் கெமராவும் லென்ஸும் சேர்ந்து பள்ளத்தில் போயிருக்கும். கழுத்துப் பட்டியை ட்ரைபொட்டோடு சுற்றி வைக்கும் பழக்கம்தான் காப்பாற்றியது.

எங்கள் பக்கத்தில் இந்தப் பொருளுக்குத் தேவை அதிகம். ஹட்டன் – நுவரெலியா வீதியில் நின்று 97 மீட்டர் உயரத்திலிருந்து விழும் டெவனைக் கிடைவாட்டில் எடுத்தால், படத்தில் பாதிக்கு மேல் தேயிலைச் சரிவுதான் இருக்கும். நெடுக்குவாட்டில் எடுத்தால்தான் அருவி அருவியாக வரும். எல் பிராக்கெட் இல்லாமல் நெடுக்குவாட்டுக்குப் போவதென்றால், ட்ரைபொட்டின் மேலுள்ள உருண்டைத் தலையை (போல் ஹெட்) அதன் வெட்டுப் பள்ளத்துக்குள் சாய்த்துக் கெமராவைப் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். பாரம் முழுவதும் ஒரு காலின் பக்கம் போய்விடும். ஹப்புத்தளையிலோ அம்பேவலையிலோ அடிக்கிற காற்றில் அப்படித் தொங்கும் கெமராவை வைத்து நீண்ட நேர ஒளிப்பதிவு (ஷட்டரைப் பல விநாடி திறந்து வைத்து ஒரே படம் எடுப்பது) செய்து பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். எல் பிராக்கெட் இருந்தால் கெமராவைக் கழற்றித் திருப்பி, பக்கத் தகட்டில் மாட்டினால் போதும். பாரம் நடுத்தண்டின் மேலேயே நிற்கும்.

என்னுடையது சோனி ஏ7 மார்க் 3. கடைக்குத் தொலைபேசியில் பேசும்போது மொடலை இரண்டு முறை சொன்னேன், எழுத்திலும் அனுப்பினேன். "தம்பி, இது அந்த மொடலுக்கென்றே செய்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று குரல் பதிவு வந்தது. பார்சல் வந்தபோது பணம் கொடுத்த பிறகுதான் பிரிக்க முடியும் என்றார் கூரியர் தம்பி. அவருக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கு அது. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

கறுப்புப் பெட்டி. முகப்பில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் என் மொடல் பெயர் அச்சிட்டிருந்தது. இங்கேயுள்ள ஈரக் காற்றில் ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பிவிட்டது. நகத்தால் பிடித்து மெதுவாக உரித்தேன். அடியில் பெட்டியோடு பெட்டியாக அச்சிட்ட பெயர் இருந்தது: ஏ7 மார்க் 2.

'அதுவும் சோனிதானே, என்ன வித்தியாசம்' என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஏமாற்று நடப்பதே அந்தக் கேள்வியால்தான். கெமராவின் அடியிலுள்ள திருகாணித் துளை எல்லாக் கெமராக்களிலும் அநேகமாக ஒரே அளவு. கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. அதனால் எந்தப் பிராக்கெட்டும் எந்தக் கெமராவிலும் ஏறிவிடும். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. மார்க் 3 இல் பற்றரி பெரிதானது, உடலின் வடிவமும் மாறியது. மார்க் 2 க்காக வெட்டிய அடித்தகட்டின் விளிம்பு என் கெமராவில் பற்றரி மூடியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. மூடி பாதிதான் திறக்கும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் இடத்தில், ஒவ்வொரு முறையும் சாவி எடுத்துப் பிராக்கெட்டைக் கழற்றி பற்றரி மாற்றுவதா? பக்கத் தகடோ இடதுபுறத்து இணைப்பு மூடிகளை மறைத்தது. ரிமோட் வயரைச் செருக வழியே இல்லை.

இதைவிட மோசம், உதட்டு விளிம்பு பொருந்தாதது. ஒரு மொடலுக்கென்று ஒழுங்காகச் செய்த பிராக்கெட்டில், கெமராவின் உடலை ஒட்டிப் பிடிக்கும் ஒரு சிறு உதடு இருக்கும். ஒற்றைத் திருகாணியைச் சுற்றிக் கெமரா திரும்பாமல் தடுப்பது அதுதான். கிடைவாட்டில் இந்தக் குறை சட்டென்று தெரியாது, ஏனென்றால் திருகாணி செங்குத்தாக நிற்கிறது. நெடுக்குவாட்டில் மாட்டியதும் அந்தத் திருகாணி படுத்துவிடும். லென்ஸின் பாரம் நேராக அதைத் திருப்பப் பார்க்கும். என் பிராக்கெட்டில் உதட்டுக்கும் கெமராவுக்கும் இடையே ஒரு வங்கி அட்டை நுழையும் இடைவெளி இருந்தது. திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும், முப்பது விநாடி ஒளிப்பதிவில் லென்ஸின் மூக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அருவியின் ஓரத்துப் பாறைகள் எல்லாம் இரட்டையாகப் பதிந்தன.

விழப்போன கதைக்குக் காரணம் இன்னொன்று. பிராக்கெட்டின் ஓரங்கள் ஆர்கா சுவிஸ் என்ற தகடு மாட்டும் முறையில் 45 பாகைச் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் ஒரே தர அளவு இதற்குக் கிடையாது. ஆளாளுக்குச் சிறிது கூடும், குறையும். ட்ரைபொட் தலையில் அந்த ஓரங்களைக் கவ்விப் பிடிப்பது கிளாம்ப். திருகிப் பூட்டும் கிளாம்ப் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும், இறுகும் வரை திருகிக்கொண்டே போகலாம். லீவர் கிளாம்பின் வாய் குறிப்பிட்ட தூரம்தான் மூடும். என்னுடையது லீவர். லீவர் முழுவதும் மடிந்தது, 'டக்' என்ற சத்தமும் வந்தது, ஆனால் பக்கத் தகடு உள்ளே வழுக்கிக்கொண்டிருந்தது. ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வேர்னியர் இடுக்கிமானியால் அளந்து காட்டினார். என் பழைய தகடு 38.1 மில்லிமீட்டர். இந்தப் பிராக்கெட்டின் அடித்தகடு 37.4, பக்கத் தகடு 36.9. ஒரே பொருளின் இரண்டு கைகளே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தகட்டின் இரு முனைகளிலும், வழுக்கினால் தடுத்து நிறுத்தும் சிறு ஆணிகளுக்குத் துளை போட்டிருந்தார்கள். ஆணிகளைக் காணோம். பெட்டியிலும் இல்லை. "வெட்டின ஆளுக்கும் அவசரம், விற்ற ஆளுக்கும் அவசரம்" என்றார் அந்த அண்ணன்.

கடைக்குப் படங்களோடு அனுப்பினேன். முதல் பதில், "திருகாணி ஏறியது அல்லவா தம்பி, பிறகென்ன?" என்பது. உரித்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது: பெட்டியைத் திறந்துவிட்டால் மாற்றித் தர மாட்டார்களாம், ஸ்டிக்கரை நானே ஒட்டியிருக்கலாமாம். அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் 'கெமரா உதிரிப்பாகம் – 1' என்று மட்டும் இருக்கிறது. மொடல் பெயர் இல்லை. அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

தூரத்தில் இருக்கிறோம், ஒரு பிராக்கெட்டுக்காகப் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்து சண்டை போட மாட்டோம் என்பதுதான் இவர்களுடைய துணிவு. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிராக்கெட்டை உங்கள் மொடல் கெமராவில் பூட்டி, பற்றரி மூடியை முழுவதும் திறந்து, இணைப்பு மூடிகளையும் திறந்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகவே அந்த மொடலுக்கான பொருளை வைத்திருக்கும் கடைக்கு அது பெரிய வேலை அல்ல. தகட்டின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள், இரண்டு கைகளையும். லீவர் கிளாம்ப் வைத்திருப்பவர்கள் இதை விடவே கூடாது. பற்றுச்சீட்டில் மொடல் பெயர் எழுதப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'எல்லா மொடலுக்கும் பொருந்தும்' என்று விற்கும் பொதுப் பிராக்கெட்டுகளும் உண்டு. சிறிய லென்ஸுக்கு அவை போதும், விலையும் குறைவு. ஆனால் உதடு இல்லாததால் பாரமான லென்ஸோடு நெடுக்குவாட்டில் அவற்றை நம்ப நான் தயாரில்லை. கண்டியிலோ நுவரெலியாவிலோ நேரில் வாங்க முடிந்தால், கெமராவோடு கிளாம்பையும் கையில் கொண்டுபோங்கள். மாட்டி, பூட்டி, பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். தொலைபேசி எண் 1977. குரல் பதிவு, பார்சல் உறை, பற்றுச்சீட்டு, ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த பெட்டியின் படங்கள், லேத் பட்டறையில் அளந்தபோது எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து என் முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதே கடையிடம் அதே கறுப்புப் பெட்டியை வாங்கியவர்கள் இருந்தால், ஸ்டிக்கரை உரிக்கும்போது அதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் எழுதுங்கள். ஒரே கடைமீது பல முறைப்பாடுகள் போனால், 'ஸ்டிக்கரை நீயே ஒட்டியிருப்பாய்' என்று அவர்கள் எல்லோரிடமும் சொல்ல முடியாது.