பத்தாங் பெர்ஜுந்தை பழைய மளிகைக் கடை: மசாலாவுக்கு நம்பிப் போகலாம், வெங்காயத்தைப் பார்த்து வாங்குங்கள்

மசாலா அரைக்கவும் அரிசி வாங்கவும் எனக்கு, மலேசியாவின் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் இந்தக் கடைதான். தோட்டத்தில் இருந்தபோது அம்மா பற்று வைத்த கடை. நான் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகும் மாற்றவில்லை.

முதலில் மாவு மில். மல்லியையும் மிளகாயையும் வீட்டிலேயே கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனால், கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள். எனக்கு முன்னால் ஒருவர் மஞ்சள் அரைத்திருந்தால், கடைக்கார அண்ணன் ஒரு பிடி பச்சரிசியை ஓட்டிக் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் என் மல்லியைக் கொட்டுவார். அரைத்த தூளை உடனே கட்ட விடமாட்டார். “சூடு ஆறட்டும்க்கா, இல்லன்னா கட்டி விழும்” என்று தட்டில் பரப்பி வைப்பார். பாக்கெட் தூளில் இந்த வாசனை வராது.

அரிசியில் இந்தக் கடை நடந்துகொண்ட விதத்தை எழுதியே ஆகவேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் முதல் தேதியே இங்கே, அரிசி இறக்குமதியைக் கையில் வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏற்றியது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். 10 கிலோ 26 ரிங்கிட் என்று அரசாங்கம் கட்டுப்படுத்திய அந்த மூட்டை பல கடைகளில் கண்ணிலேயே படவில்லை. இவரிடம் வந்தபோதெல்லாம் வீட்டுக்கு ஒரு மூட்டை, அதே 26 வெள்ளி. ஒளித்துவைத்து விற்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இந்தியாவின் அந்தத் தடை 2024 செப்டம்பரில்தான் விலகியது.

எண்ணெயை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் எடுக்கும் பனை) தோட்டம் 1917இல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், மரத்தின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா, உழைத்தது நம் தாத்தா பாட்டிகள். 2022இல் உக்ரேன் போர், இந்தோனேசியாவின் ஏற்றுமதித் தடை என்று செம்பனை எண்ணெய் உலகச் சந்தையில் எகிறியபோது, காயைச் சுற்றி வாழும் நாம் 2.50 வெள்ளி மானியப் பாக்கெட்டைத் தேடி அலைந்தோம். விலை ஏறினால் லாபம் கம்பெனிக்கு, தட்டுப்பாடு நமக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது, சரி. அதை வைத்து இன்று ஒரு குடும்பம் சமாளிக்கும் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் இந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இப்போது தோட்டத்தில் காய் வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். அதனால் கடைத் தட்டுகளில் இருக்கும் சரக்கும் மாறிவிட்டது. நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெய், துவரம்பருப்புக்குப் பக்கத்தில் மசூர் பருப்பு மூட்டை, கல்லாவில் போன் டாப்-அப். கடன் புத்தகத்தை அண்ணன் ஒருமுறை திருப்பிக் காட்டினார். ஒரு பக்கத்தில் நம் ஆட்களின் தமிழ்க் கையெழுத்து, அடுத்த பக்கம் முழுக்க வங்காள எழுத்து. ஊரில் ஏஜென்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்த பையன்களுக்குச் சம்பளத்தில் பாதி அந்தக் கடனுக்கே போய்விடுகிறது. அரிசி பருப்பை இவர் பற்றில் தராவிட்டால் பட்டினிதான். “அந்நியனுக்குக் கடன் கொடுக்கிறான்” என்று நம்மவர்களே சிலர் பேசுகிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியதும் இதே நிலையில்தானே?

குறை வெங்காயம்தான். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து எங்கிருந்து கிடைக்கிறதோ அங்கிருந்து வாங்கிப் பழகிவிட்டார். அடுத்த மே மாதம் தடை நீங்கியும் சரக்கு ஒரே சீராக வருவதில்லை. மூட்டையின் அடியில் ஈரம் கோத்து அழுகியிருக்கும். மேலாக இருப்பதைப் பார்த்து ஏமாறாமல் கையை உள்ளே விட்டுப் பொறுக்குங்கள். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார். சின்ன வெங்காயம் விலையும் கொஞ்சம் அதிகம்தான்.

சம்பளம் போட்டு வரும் முதல் ஞாயிறு போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. மசாலா அரைக்க வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள்.