ஃபியூயல் பம்ப் ஃபால்ட் பிடிக்க யுடி210இ கிளாம்ப் மீட்டர்

இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பம்ப் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் இருக்கிறது. உடனே பம்ப் போச்சு என்று டேங்கை இறக்கிவிடுகிறார்கள். பச்சைத் துரு பூத்த கனெக்டர் முனையும், ஒரே இழை மிஞ்சிய ஒயரும்கூட லோடு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். பம்ப் ஓட ஏறக்குறைய 4 முதல் 8 ஆம்ப் வேண்டும். அது போகிறதா என்று வோல்ட் சொல்லாது.

ஒயரை அறுக்காமல், வாயால் சுற்றிப் பிடித்தே ஆம்ப் அளக்கும் யூனி-டி யுடி210இ அதைச் சொல்கிறது. டிசியில் 2, 20, 100 ஆம்ப் ரேஞ்சுகள். வாய் சிறியது, ரிலே பாக்ஸின் ஒயர் நெரிசலுக்குள் நுழைகிறது.

இக்னிஷன் போட்டதும் பம்ப் ஓடும் ஓரிரு நொடியில் ரீடிங் நிற்காது. அதனால் பம்புக்கு கரண்டை இணைக்கும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அதன் மேலுள்ள படத்தைப் பார்த்து, சாக்கெட்டில் 30, 87 என்ற எண்ணுள்ள இரண்டு முனைகளையும் 15 ஆம்ப் ஃபியூஸ் போட்ட ஜம்பரால் இணைக்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் தொடவே கூடாது. கிளாம்ப் அந்த ஜம்பர் ஒயர் மேலேயே.

5, 6 ஆம்ப் நிலையாக நின்று பிரஷரும் வந்தால் பம்ப் லைனில் குறையில்லை. 10-ஐத் தாண்டினால் பம்ப் இறுகியிருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைப்பு. பூஜ்யம் என்றால் ஒயர் அறுந்திருக்கும், இல்லை மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். டேங்கின் அடியில் தட்டினால் ஓடுவது பெரும்பாலும் கார்பன்தான். 2 ஆம்ப் மட்டும் காட்டினால், பம்ப் ஓடும்போதே வோல்டேஜ் டிராப், அதாவது ஒயர் வழியில் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று பாருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பம்ப் வரை 0.5 வோல்ட்டுக்கு மேல், எர்த் பக்கம் 0.2-க்கு மேல் இருந்தால் அந்தப் பக்க கனெக்டரை, எர்த் போல்ட்டைச் சுத்தம் செய்தாலே போதும். டிராப் இல்லாமல் ஆம்ப் குறைந்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம், டேங்க் காலியாக இருக்கலாம்.

இந்த மீட்டர் தன் விலைக்கு ஈடுகட்டும் இடம் 2 ஆம்ப் ரேஞ்ச். ரிலேயை இயக்கும் 80 ஓம் காயில் 0.15 ஆம்ப்தான் இழுக்கும். பெரிய கிளாம்ப்களில் அது நம்பும்படி தெரியாது. ரிலேயைத் திரும்ப மாட்டி, காயிலின் கன்ட்ரோல் ஒயரில் கிளாம்ப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். 0.15 வந்தும் பம்ப் ஓடாவிட்டால் ரிலே கான்டாக்ட் கருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் காயிலுக்கு சப்ளை இருக்கிறதா பார்த்துவிட்டு, இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பக்கம் போக வேண்டும்.

குறைகளும் உண்டு. காந்தப்புலத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார் என்பதால், மீட்டரைத் திருப்பிப் பிடித்தாலே பூஜ்யம் நகரும். ஒயரில் மாட்டப்போகும் அதே நிலையில் பிடித்து ஜீரோ பட்டனை அழுத்திய பிறகே அளக்க வேண்டும். பல்ஸ் மூலம் பம்ப் வேகத்தை மாற்றும் கன்ட்ரோல் மாட்யூல் உள்ள கார்களில் இது சராசரியைத்தான் காட்டும். பல்ஸ் வடிவம் பார்க்க ஆஸிலோஸ்கோப்பும் கரண்ட் புரோபும் தேவை.