பழைய டீசல் லொறிக்கு 82ஆ, 76.5ஆ, தெர்மோஸ்டாட்டே வேண்டாமா?

திருகோணமலையில் ஓடும் பழைய எல்ஃப், கன்டர் லொறிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் அடைத்துவைக்கும் வால்வு, இருக்கவேண்டிய இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் எஞ்சின் கொதித்திருக்கும், கராஜில் கழற்றியிருப்பார்கள், திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். எங்கள் எல்ஃபுக்கு ரேடியேற்றர் வேலை செய்தபோது அதே கேள்வி எங்களுக்கும் வந்தது. ஒன்றும் போடாமல் விடுவதா, கடையில் உடனே கிடைத்த 76.5 பாகையைப் போடுவதா, கம்பனி சொன்ன 82ஐத் தேடி வாங்குவதா? 82ஐப் போட்டோம். ஆகவே இதை எழுதுகிறவன் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லியாயிற்று.

அந்தக் காலத்து டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவாக 80க்கும் 95க்கும் இடைப்பட்டதுதான் சாதாரண சூடு. சமதரையில் குறைந்த பாரத்தோடு போனால் எண்பதுகளில் நிற்கும். பாரத்தோடு ஏற்றம் ஏறினால் தொண்ணூறுகளின் நடுவுக்கு வரும், இறக்கம் வந்ததும் திரும்ப இறங்கும். நமது ஹீட் மீற்றர்களில் எண் கிடையாது. கீழே சி, மேலே எச், நடுவில் ஒரு முள். அந்த முள் நடுவுக்குக் கீழே எங்கே நின்றாலும் நல்லது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

தெர்மோஸ்டாட்டில் குத்தியிருக்கும் எண், அது திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் 13 பாகை அளவு வேண்டும். 82 என்றால் ஏறத்தாழ 95இல் முழுதும் திறக்கும், 76.5 என்றால் 90இல். அதாவது இந்த எண் எஞ்சின் எவ்வளவு குளிரலாம் என்பதற்குத்தான் எல்லை போடுகிறது. எவ்வளவு சூடாகும் என்பதைத் தீர்மானிப்பது ரேடியேற்றர், ஃபான், பெல்ட், தண்ணீர்ப் பம்ப். மாத்தளையிலிருந்து கண்டிப் பக்கமாக பலகடுவ ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது எந்தத் தெர்மோஸ்டாட்டாக இருந்தாலும் வாயை முழுதாகத் திறந்துதான் வைத்திருக்கும். அங்கே கொதித்தால் குற்றம் ரேடியேற்றரில் அடைந்த சுண்ணாம்பில் இருக்கும், தளர்ந்த பெல்ட்டில் இருக்கும், ரேடியேற்றர் மூடியின் ரப்பரில் இருக்கும். எண்ணைக் குறைத்து அந்த நோயைத் தீர்க்க முடியாது.

முதலில், ஒன்றும் போடாமல் ஓடுவது. "தம்பி, இந்த வெக்கைக்கு இதென்னத்துக்கு? கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடு, ஒண்டும் ஆகாது" என்று சொல்லும் அண்ணன்மார் சும்மா சொல்வதில்லை. சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக் குப்பி கெட்டுப்போய், மூடியபடியே சிக்கிய தெர்மோஸ்டாட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்த கதைகளை அவர்கள் கையால் பார்த்திருக்கிறார்கள். இல்லாத பொருள் சிக்காது என்பது உண்மைதான். ராத்திரியில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில், யானை கடக்கும் காட்டுப் பாதையில் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் நானும் எஞ்சின் ஆறியதும் அதைக் கழற்றி எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டி வீடு வந்து சேருவேன். பிழை அதில் இல்லை. வீடு வந்த பிறகும் அப்படியே விடுவதுதான் பிழை.

காரணம் இரண்டு. சின்னதை முதலில் சொல்கிறேன். எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீர் ரேடியேற்றர் பக்கம் போகாமல் உள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும் வகை என்றால், மேல் வால்வு திறக்கத் திறக்க அந்தத் தட்டு குறுக்குவழியை அடைத்துக்கொண்டு வரும். கழற்றி எறிந்துவிட்டால் அடைக்க ஆளில்லை. சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். அதனால் நிலாவெளி றோட்டில் குளிர்ந்துபோய் ஓடுகிற அதே லொறி, ஏற்றத்தில் பாரத்தோடு முன்பைவிடக் கூடுதலாகச் சூடேறும். "கழட்டியும் கொதிக்குதே" என்று கராஜில் கேட்கும் புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் விளக்கம். கழற்றிய துண்டு கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அடித்தட்டு இல்லாத வகை என்றால் இந்தக் கேடு குறைவு.

பெரிய காரணம், எஞ்சின் சூடாகாமலே ஓடுவது. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். எங்கள் லொறி மாதத்தில் சில நாள்தான் தம்புள்ளைக்கும் கண்டிக்கும் போகிறது. மற்ற நாளெல்லாம் சீனன்குடா, கிண்ணியா, தம்பலகாமம், உப்புவெளி என்று கிட்டக் கிட்ட ஹயர். எல்லாம் சமதரை, பல நேரம் அரை லோட், இறக்க ஏற்ற நிறுத்தி நிறுத்தி எடுப்பது. தெர்மோஸ்டாட் இல்லாத காலத்தில், வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த நாள்களில் தண்ணீர் 60ஐ எட்டவே நேரமெடுக்கும், எட்டினாலும் அங்கே நிற்காது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தண்ணீர் 40 பாகைக்கு அக்கம்பக்கம்தான், அதையே சூடு என்கிறோம். அதனால் 60 பாகைக் குழாயில் கை வைத்தவர் "நல்லாச் சூடாத்தானே இருக்கு" என்பார். எஞ்சினுக்கு அது குளிர். குளிர் நாடுகளில் என்றால் கபின் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று சாரதியே முறைப்பாடு செய்வார், அப்படியே விஷயம் வெளிப்படும். இங்கே யார் ஹீற்றர் போடுகிறார்கள்? எஞ்சின் குளிர்ந்து ஓடுவதைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உருவாகும். பெரும்பாலும் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். எஞ்சின் 80க்கு மேல் இருந்தால் ஒயிலும் சூடாகி அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். குளிர்ந்த எஞ்சினில் அது அங்கேயே தங்கும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து வரும் வாயு அந்த ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். சாதாரண ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் கூட, நாங்கள் அடிப்பதோ ஓட்டோ டீசல்தான். அந்த அமிலம் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் ரிங்கையும் தின்னும். போதாக்குறைக்கு, குளிர்ந்த சிலிண்டரில் முழுதாக எரியாத டீசல் சுவரில் படிந்து ஒயில் பூச்சைக் கழுவிக்கொண்டு அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கும். ஒயிலை நேரத்துக்கு மாற்றினாலும், மாற்றும்வரை எஞ்சின் குடிப்பது கெட்ட ஒயில்தான்.

வெளியே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பசை. ஹெட் கஸ்கெட் போய் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று நெஞ்சு இடிக்கும். ஒயில் குச்சியில் ஒயில் சுத்தமாக இருந்து, ரேடியேற்றரில் தண்ணீரும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் அது ஒயிலோடு கலந்து படிந்த ஈரம்தான். எங்களுடையதில் 82 போட்ட பிறகு அந்தப் பசை வருவது நின்றது. காலைப் புகையும் சீக்கிரம் தெளிகிறது. டீசல் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. ஒருநாள் சீமெந்து, ஒருநாள் வெறும் லொறி, ஒருநாள் தம்புள்ளை மரக்கறி என்று பாரம் மாறிக்கொண்டே இருக்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

இதை இவ்வளவு இழுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய லொறிக்கு வந்த மதிப்பு நமக்குத் தெரியும். 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்றாலும், எங்களைப் போன்றவர்கள் எட்டிப் பிடிக்கும் விலையில் புதுசு இல்லை. இருக்கிற எஞ்சினின் லைனரும் ரிங்கும்தான் சொத்து. ஒரு தெர்மோஸ்டாட்டும் அதன் கஸ்கெட்டும் சேர்ந்தாலும் ஓர் ஒயில் சேர்விஸ் செலவில் சின்னப் பங்குதான்.

சரி, 76.5க்கு வருவோம். இது கெட்ட சாமான் இல்லை. சில எஞ்சின்களுக்குக் கம்பனியே இதைத்தான் போடுகிறது, அந்த எஞ்சின்காரர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அதையே போடலாம். 82 கேட்கும் எஞ்சினுக்கு இதைப் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஏற்றம் தொடங்கும்போது சில பாகை கையிருப்பாக இருக்கும், ஏற்றம் நீண்டால் அது கரைந்துவிடும். அரை லோட் சமதரை ஓட்டத்தில் எஞ்சின் ஐந்தாறு பாகை குளிராக இருக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லாததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நாங்கள் 76.5ஐ ஓட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் லொறி வைத்திருக்கும் ஒருவர் ஓட்டுகிறார், குறை சொன்னதில்லை. 82 கிடைக்காமல் லொறி நிற்கும் நிலை என்றால் யோசிக்காமல் 76.5ஐப் போட்டு ஓடுங்கள்.

கடையில் இருக்கும் இன்னொரு எண்ணான 88ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கென்று கட்டிய எஞ்சினுக்கு நல்லது. பழைய ரேடியேற்றரும் பழைய மூடியும் உள்ள லொறிக்கு எதற்கு வம்பு? மூடி என்றதும் ஒன்று. 0.9 என்ற அழுத்த எண் குத்திய நல்ல மூடி தண்ணீரின் கொதிநிலையை 118 பாகை அளவுக்கு உயர்த்தும். ரப்பர் போன மூடியோடு திருகோணமலைக் கடல் மட்டத்தில் 100இல் கொதிக்கும், நுவரெலியா உயரத்தில் 94இலேயே கொதிக்கும். மரக்கறி ஏற்ற மேலே போகிறவர்கள் தெர்மோஸ்டாட் எண்ணைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் மூடியைப் பார்க்கவேண்டும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு, உள்பக்கத் தண்ணீரில் சுண்ணாம்பு. இரண்டும் ரேடியேற்றருக்கு ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

எது போட்டாலும் போடுவதற்கு முன் சட்டியில் சோதியுங்கள். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியும் வைத்துச் சூடாக்கினால் எப்போது வாய் திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கொதிக்கும் தண்ணீரில் எட்டு மில்லிமீற்றர் அளவாவது திறக்காததைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் இருக்கவேண்டும். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வரவேண்டும், உள்ளே மாட்டிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் நிரப்பிவிட்டு மூடலாம்.

ஹீட் மீற்றரை முழுதாக நம்பவும் வேண்டாம். தண்ணீர் வடிந்துபோய் சென்சர் வெறும் காற்றில் நின்றால் முள் கீழேதான் காட்டும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். எண் போட்ட மீற்றர் ஒன்றைத் தனியாகப் பூட்டுவது நல்லது. துப்பாக்கி மாதிரியான வெப்பமானி வைத்திருப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிப் பிடியுங்கள்.

பாவித்த லொறி வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் நில்லுங்கள். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேற்றரின் மேல் ஹோஸில் கை வையுங்கள், ஃபான் பக்கம் கவனம். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. எவ்வளவு காலம் அப்படி ஓடியது என்று கேளுங்கள், ஒயில் மூடியையும் திறந்து பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.